ஒரு சைக்கிளும் ஒரு கேள்வியும்
விட்டோரியோ டி சிகா (1901–1974)

பழைய படம் என்றாலே நம்ம பசங்க எழுந்து ஓடிவிடுவார்கள். அதுவும் கறுப்பு வெள்ளை, அதுவும் இத்தாலி மொழி என்றால் கேட்கவே வேண்டாம். இருந்தாலும் 1948-ல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை எடுத்த விட்டோரியோ டி சிகாவைப் பற்றி இந்த மலரில் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. படம் பழசு. அது கேட்கிற கேள்வி மட்டும் பழசாகவே இல்லை.

டி சிகா 1901 ஜூலை 7 அன்று, ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையில் உள்ள சோரா என்ற ஊரில் பிறந்தார். அப்பா உம்பர்ட்டோ ஒரு குமாஸ்தா. வசதியான குடும்பம் இல்லை. அதனால் பையன் கணக்கியல் படித்தார். நம்மைப் போலத்தான், படித்த கையோடு வேலை கிடைக்கிற படிப்பு! ஆனால் மனசெல்லாம் மேடையில் இருந்தது. 1923-ல் தத்தியானா பாவ்லோவா நாடகக் குழுவில் சேர்ந்தார். 1930-களில் பாட்டு, சிரிப்பு, காதல் என்று இத்தாலிக்கே பிடித்த கதாநாயகன் ஆகிவிட்டார். 1940-ல் இயக்கவும் தொடங்கினார்.

அந்த நேரத்தில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. செசாரே சவாத்தினி என்ற எழுத்தாளரோடு டி சிகா கூட்டுச் சேர்ந்தார். போர் முடிந்தபோது இத்தாலியில் வேலை இல்லை, சாப்பாடு இல்லை. ஜிகினா செட்டுகளை விட்டுவிட்டு இருவரும் தெருவுக்கு வந்தார்கள். 1946-ல் வந்த 'ஷூஷைன்' படம், பூட்ஸ் துடைக்கும் இரண்டு பையன்கள் ஜெயிலுக்குப் போகிற கதை. அதற்கு ஆஸ்கர் சிறப்பு விருது கிடைத்தது. ஆனால் சொந்த நாட்டில் அந்தப் படம் ஓடவில்லை.

அடுத்து வந்ததுதான் சைக்கிள் கதை. அந்தோனியோ ரிச்சிக்கு சுவரில் போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைத்து அதை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே சைக்கிள் திருடு போய்விடுகிறது. அப்பாவும் சின்னப் பையன் புரூனோவும் ரோம் நகரம் முழுக்கத் தேடுகிறார்கள். ஒருவனைப் பிடித்தால், அவன் வீடு இவர்கள் வீட்டைவிட ஏழ்மையாக இருக்கிறது. சாட்சியும் இல்லை. கடைசியில் ஆளில்லாமல் நிற்கும் ஒரு சைக்கிளை அந்தோனியோ பார்க்கிறான். பையனை டிராமில் போகச் சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். மாட்டிக்கொள்கிறான். எல்லாவற்றையும் பையன் பார்த்துவிடுகிறான். அழுகிற பையனைப் பார்த்து சைக்கிள்காரர் மன்னித்து விடுகிறார். அவ்வளவுதான் கதை.

சைக்கிள் ரிப்பேர் ஆனால் அப்பாவின் ஒரு நாள் கூலி போகிற வீட்டிலிருந்து வந்தவன் நான். எனக்கு அந்தோனியோவைத் திட்டவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை. இத்தாலிய மொழியிலும் படத்தின் பெயர் 'திருடர்கள்' என்று பன்மையில்தான் இருக்கிறது. முதலில் திருடியவனும் திருடன், கடைசியில் திருடியவனும் திருடன். அவனை மட்டும் வெறுத்து இவனுக்காக மட்டும் எப்படி அழுவது? டி சிகா பதில் சொல்லாமல் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

இந்தப் படத்துக்குப் பணம் திரட்டுவதே பெரும்பாடு. ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் பணம் தருகிறேன் என்று வந்தார். ஆனால் கேரி கிராண்ட்தான் ஹீரோ என்று நிபந்தனை போட்டார். டி சிகா ஒப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளி லம்பெர்த்தோ மாஜியோரானியை நடிக்க வைத்தார். படம் உலகப் புகழ் பெற்று இன்னொரு ஆஸ்கர் சிறப்பு விருதும் வாங்கியது. மாஜியோரானி பழையபடி தொழிற்சாலைக்குத் திரும்பினார். கொஞ்ச நாளில் ஆள்குறைப்பில் அவர் வேலை போயிடுச்சு! பிறகு சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள்தான் கிடைத்தன. வேலை இழந்தவனாக நடித்தவர் நிஜமாகவே வேலை இழந்தார். இதற்கு டி சிகா பொறுப்பா? இதுவும் சுலபமாகப் பதில் சொல்ல முடியாத கேள்விதான்.

1952-ல் அப்பாவின் பெயரிலேயே 'உம்பர்ட்டோ டி' எடுத்தார். வாடகை கட்ட முடியாத ஒரு பென்ஷன்காரரின் கதை. அவர் பிச்சை கேட்கக் கை நீட்டுவார். ஒருவர் காசு போட வரும்போது, மழை பெய்கிறதா என்று பார்ப்பது போலக் கையைத் திருப்பிவிடுவார். அந்தக் காட்சி ஒன்று போதும். நாட்டின் ஏழ்மையை வெளிநாட்டுக்குக் காட்டிக்கொடுக்கிறார் என்று அரசில் இருந்த ஆந்திரியோத்தியே கண்டித்தார். படமும் தோற்றது.

டி சிகா மகான் ஒன்றும் இல்லை. சூதாட்டத்தில் நிறையப் பணம் விட்டார். அதை ஈடுகட்டக் கிடைத்த படத்திலெல்லாம் நடித்தார். இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் பல வருஷம் ஓடினார். மனுஷன் தவறுவதை அவர் தூரத்தில் நின்று பார்க்கவில்லை. அதனால்தான் அவர் படத்தில் யாரையும் கேவலப்படுத்துவதில்லை என்று நினைக்கிறேன். 1960-ல் அவர் இயக்கிய 'டூ விமன்' படத்துக்காக சோபியா லாரனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவருடைய படங்களுக்கு மேலும் இரண்டு ஆஸ்கர்கள் வந்தன. 1974 நவம்பர் 13 அன்று பாரிஸ் அருகே காலமானார்.

1950-ல் லண்டனில் இந்தச் சைக்கிள் படத்தைப் பார்த்த சத்யஜித் ராய், தானும் இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 'பதேர் பாஞ்சாலி' பிறந்தது. 1952-ல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலும் 'பைசைக்கிள் தீவ்ஸ்' காட்டப்பட்டது. அந்த விழா நம் சென்னைக்கும் வந்தது.

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் இந்தப் படத்தை ஒருமுறை போடுங்கள். ஒன்றரை மணி நேரம்தான். முடிந்ததும் அந்தோனியோ செய்தது சரியா தப்பா என்று ஹாஸ்டலில் உட்கார்ந்து பேசுவோம். சண்டை நிச்சயம் வரும், வரட்டும்!