கணிப்பொறிக்கு மொழி கற்பித்த அம்மையார்

எங்கள் நரிக்குடிப் பக்கத்தில், எழுதத் தெரியாத பெரியவர்கள் தம் குறையை வாயால் சொல்ல, மனு எழுதுபவர் அதை அலுவலக நடையில் எழுதித் தருவார். கணிப்பொறிக்கும் அத்தகைய துணை தேவை. ஏனெனில் அது அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே குறிகள். நாம் எழுதும் கட்டளைகளை அக்குறிகளாக மாற்றித் தரும் நிரலே ‘கம்பைலர்’. அதற்கு வழிகாட்டிய முன்னோடி கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

இவர் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், எப்படி ஓடுகிறது என்றறிய, வீட்டிலிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாராம்! 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் பெண்கள் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர், உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்டில் ‘மார்க் 1’ என்னும் பெரிய கணிப்பொறியில் பணியாற்றினார்.

அக்காலத்தில் கட்டளைகளை எண்களாகவே எழுத வேண்டும். ஓர் எண் பிசகினாலும் வேலை கெடும். முன்பு எழுதிய பகுதிகளைக் கையால் பெயர்த்து எழுதும்போது பிழைகள் மலிந்தன. அந்த வேலையைக் கணிப்பொறியே செய்யட்டுமே என்று அம்மையார் எண்ணினார். பகுதிகளுக்கு எண்ணிட்டுக் காந்த நாடாவில் சேமித்தார். வேண்டியவற்றை எடுத்துக் கோத்து முழு நிரலாக்கும் ‘ஏ-0’ 1952இல் உருவாயிற்று. கணக்குப் போடும் பொறி நிரலும் எழுதுமா என்று பலர் நம்ப மறுத்தனர்.

அடுத்து ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிட வழி கண்டார். பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் அது இயலும் என்று காட்டியபோது மேலதிகாரிகள் திகைத்தனர். பொறிக்கோ எல்லா மொழியும் ஒன்றுதான். எழுத்துக்களின் வரிசையை மட்டுமே அது பார்க்கிறது. இவருடைய ‘ஃப்ளோமேட்டிக்’கை அடியொற்றி 1959இல் தொடங்கப்பட்ட ‘கோபால்’ மொழி இன்றும் பல வங்கிகளில் பயன்படுகிறது.

இன்றைய கம்பைலர், நாம் எழுதியதைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறது, இலக்கணம் பார்க்கிறது, பிழையிருந்தால் வரி எண்ணுடன் சுட்டுகிறது. பிழையில்லையேல் இயந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது. பிறகு ‘லிங்கர்’ தேவையான பகுதிகளை இணைக்க, இயங்கும் நிரல் கிடைக்கிறது. ஒருமுறை மாற்றிவிட்டால் பலமுறை இயக்கலாம்.

அம்மையார் 1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

மனிதர் பொறியின் மொழிக்கு இறங்குவதைவிட, பொறி மனிதரின் மொழிக்கு வருவதே முறை என்று அவர் உறுதியாக நின்றார். ஆங்கிலம் சரளமாக வராதே என்று கணிப்பொறி வகுப்பில் பின்வரிசையைத் தேடும் தோழியரே, தயங்க வேண்டாம். தெளிவாகச் சிந்திக்கக் கற்போம். தமிழில் சிந்தித்தாலும் அது தெளிவுதான்!