அன்னை மேரி லாஞ்

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினர், விற்றனர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் ஆயிரக்கணக்கில் அந்நகரில் வாழ்ந்தனர். விலங்கு இல்லையே தவிர அவர்களுக்கு மதிப்பும் இல்லை. 1829-ல் நகரில் பொதுப் பள்ளிகள் தொடங்கியபோது வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமே அவை திறந்தன.

இந்நகருக்கு 1813-ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தார் எலிசபெத் கிளாரிஸ் லாஞ். கியூபாவிலிருந்து வந்த இவர் பிரெஞ்சு பேசும் கறுப்பினப் பெண். தோழி ஒருவருடன் சேர்ந்து தம் வீட்டிலேயே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக எழுத்தறிவித்தார்.

அக்காலத்தில் ஜூபேர் என்னும் குருவானவர், ஹெய்ட்டி தீவிலிருந்து அகதிகளாக வந்தோரின் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்து வந்தார். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? அவருடைய வேண்டுகோளின்படி 1828-ல் பெண்கள் பள்ளி ஒன்று எழுந்தது. 1829 ஜூலை 2-ஆம் நாள் கறுப்பினப் பெண்கள் நால்வர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தனர். லாஞ் அம்மையார் அன்னை மேரி ஆனார். ஒப்லேட் சகோதரிகள் சபை பிறந்தது. கறுப்புப் பெண்களுக்குத் துறவற உடையா என்று கத்தோலிக்கரிலேயே பலர் முகம் சுளித்தனர்.

1832-ல் நகரில் காலரா பரவியது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய இச்சகோதரிகள் தயங்காமல் முன்வந்தனர். பேராயருக்கும் அவர் இல்லத்துப் பணிப்பெண்ணுக்கும் பணிவிடை செய்த சகோதரி அந்தோணி அதே நோய்க்குப் பலியானார்.

1843-ல் ஜூபேர் அடிகளார் இறந்தார். ஆதரிப்பார் இல்லை. மாணவியர் குறைந்தனர். கறுப்பினக் கன்னியர் சபை தேவையில்லை, கலைந்துபோகட்டும் என்று திருச்சபைப் பெரியோரே எண்ணினர். சொந்த வீட்டில் கிடைத்த அவமதிப்பு அது. அன்னை மேரி சபையை விட்டுப் போகவில்லை, பள்ளியையும் மூடவில்லை. சகோதரிகள் பிறர் துணிகளைத் துவைத்தும் தைத்தும் பசியாறினர். 1847-ல் அன்வாண்டர் என்னும் இளங்குரு பேராயர் முன் முழந்தாளிட்டு மன்றாடி, சபையைக் காக்கும் பொறுப்பைத் தாம் ஏற்றார். பள்ளி மீண்டும் தழைத்தது.

மேரிலாந்தில் 1864-ல் அடிமைமுறை ஒழிந்ததைக் கண்ட அன்னை, 1882 பிப்ரவரி 3-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஒரு காலத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய திருச்சபையே 2023-ல் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தது. அவர் தொடங்கிய பள்ளி, புனித பிரான்சிஸ் பெயரால் பால்டிமோரில் இன்றும் நடைபெறுகிறது.

அன்புத் தோழியரே! நிறத்தைப் பார்த்து ஒதுக்கிய ஊரின் கதை இது என்று நாம் இருந்துவிடலாகாது. நம் வகுப்பிலும் யாரேனும் ஒருத்தி தனியே அமர்ந்து உண்கிறாளா? நாளை நம் உணவுப் பாத்திரத்தை அவள் அருகில் கொண்டுபோய் வைப்போம். அன்னை மேரிக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே.