ஜப்பானுக்குப் போன ஒற்றைக்கண் வாத்தியார்



நூலக பீரியடில் எங்க இங்கிலீஷ் டீச்சர் ஒரு பேய்க்கதை சொன்னாங்க. ஹோய்ச்சி என்று கண் தெரியாத ஒரு பாட்டுக்காரர். ராத்திரி ராத்திரி பேய்கள் வந்து அவரைப் பாட அழைத்துப் போகும். அவரைக் காப்பாற்ற கோவில் துறவி அவர் உடம்பு பூரா மந்திரம் எழுதினார், காதில் மட்டும் எழுத மறந்துட்டார். பேய் வந்து காதைப் பிய்த்துக்கொண்டு போனது. அன்றைக்கு மதியம் எங்க வகுப்பில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டுதான் சாப்பிட்டோம். அந்தக் கதையை இங்கிலீஷில் எழுதியவர் யார் என்று டீச்சர் சொன்னபோது எனக்குக் கதையைவிட அவர் மேல்தான் ஆசை வந்தது. அவர் பெயர் லாஃப்காடியோ ஹெர்ன்.

ஆசை வந்ததுக்குக் காரணம் இருக்கு. அவருடைய போட்டோ எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும்தான் தெரியுமாம், இல்லாவிட்டால் தலை குனிந்திருப்பாராம். இடது கண் தெரியவே கூடாது என்று அப்படி. எனக்கு இடது கண் மாறுகண். எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவில் நான் மட்டும் ஏன் பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும்.

ஹெர்ன் 1850ஆம் ஆண்டு கிரேக்க நாட்டில் லெஃப்காடா என்ற தீவில் பிறந்தார். அந்தத் தீவின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். அம்மா கிரேக்கப் பெண், அப்பா அயர்லாந்துக்காரர், இங்கிலாந்து ராணுவத்தில் டாக்டர். இரண்டு வயதில் அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு அந்தக் குளிரும் ஊரும் ஒத்துக்கொள்ளவில்லை, நாலு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு கிரேக்கத்துக்கே போய்விட்டார். அதன் பிறகு மகன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு நம் இந்தியாவுக்கு வேலைக்கு வந்துவிட்டார். 1866இல் ஊர் திரும்பும்போது வழியிலேயே இறந்துபோனார். பிள்ளையை வளர்த்தது அப்பாவின் வயதான சித்தி.

அதே 16 வயதில்தான் கண்ணும் போனது. இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் விளையாடும்போது கயிறு பட்டு இடது கண் பார்வை அடியோடு போய்விட்டது. வலது கண்ணிலும் கிட்டப்பார்வை. ஒரே கண்ணால் எல்லாம் பார்த்துப் பார்த்து அது பெரிதாகி வெளியே தள்ளினமாதிரி ஆகிவிட்டது. அப்புறம் பாட்டியம்மாவின் பணமும் கரைந்துபோக, 19 வயதில் தனியாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அங்கே பசி பட்டினி. அச்சாபீஸ் வைத்திருந்த ஒரு பெரியவர் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். பிறகு பத்திரிகை நிருபராகி நல்ல பெயர் எடுத்தார். அந்த இருபது வருடத்தை இங்கே நான் விட்டுவிடுகிறேன், ஷீட்டில் இடம் போதாது.

1890 ஏப்ரலில் ஜப்பான் வந்தார். ஜப்பானைப் பற்றி எழுதித் தரத்தான் வந்தார், ஆனால் எழுதச் சொன்ன கம்பெனியோடு சண்டை போட்டு உதறிவிட்டார். கையில் காசில்லை, பாஷை தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லி மட்சுயே என்ற சின்ன ஊரில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது. மாதம் 100 யென், அந்த ஊருக்கு அது பெரிய சம்பளம். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. மனிதர் இழுக்கிற ரிக்‌ஷாவில் உட்கார்ந்து மலை தாண்டிப் போனார். அப்போது அவருக்கு 40 வயது. டீச்சர் இளம் வயதுதான் என்கிறார்கள், எங்க அப்பாவுக்கும் 40தான், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மட்சுயே ஏரிக்கரை ஊர். விடிகாலையில் அவரை எழுப்பியது அரிசி குத்துகிற சத்தம். தரை வழியாக வந்து தலையணையில் துடிக்குமாம், நாடி மாதிரி. அடுத்து கோவில் மணி. அடுத்து முள்ளங்கி விற்கிறவர் கூவிக்கொண்டு வருவார். ஜன்னலைத் திறந்தால் ஏரிக்கரையில் ஆண்களும் பெண்களும் முகம் கழுவி வாய் கொப்பளித்து, சூரியனைப் பார்த்துக் கை தட்டிக் கும்பிடுவார்கள். பாலத்தின் மேல் மரச்செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். நமக்கு இதெல்லாம் சாதாரணம், எங்க தெருவிலேயும் கீரைக்காரம்மா வராங்க. அவர் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்.

பள்ளியில் அவர் உள்ளே வந்ததும் வகுப்புத் தலைவன் குரல் கொடுக்க, எல்லாரும் எழுந்து குனிந்து வணங்குவார்கள். நிஷிதா செந்தாரோ என்ற ஆசிரியர்தான் அவருக்குத் துணை. அவரைவிடச் சின்னவர், ஆனால் எந்தச் சந்தேகத்துக்கும் ஹெர்ன் ஓடியது அவரிடம்தான். மாணவர்களுக்கு ஹெர்ன் கொடுத்த கட்டுரைத் தலைப்புகள் எல்லாம் அவர்கள் கண்ணால் பார்க்கிறவை: தவளை, கொசு, தேநீர், பேய். (நமக்கும் பேய் தலைப்பு கொடுத்தால் நான் பத்துப் பக்கம் எழுதுவேன், டீச்சர்!) சாயங்காலம் பையன்கள் வாத்தியார் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் செருப்பை விட்டு, பாயில் மண்டி போட்டு உட்கார்ந்து, டீ குடித்து, தங்கள் வீட்டுப் பழைய பொருள்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவன் தச்சர் மகன். ரொம்ப ஏழை. படிப்பைப் பார்த்து ஒரு பணக்காரர் அவன் செலவை ஏற்றுக்கொண்டார். அவனுக்கு நோய் வந்து படுத்த படுக்கையாகிவிட்டான். ஒரு குளிர் ராத்திரி, பள்ளிக்கூடத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று கேட்டானாம். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கேட்கவில்லை, இப்பவே பார்க்கணும் என்றான். வேலைக்காரர் ஒருவர் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளி முன்னால் நிறுத்தினார். இருட்டில் தன் வகுப்பு ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் அவன் பிழைக்கவில்லை. அந்த இறுதிச் சடங்கு வரைக்கும் ஹெர்ன் எழுதி வைத்திருக்கிறார். மழைக்கு லீவு விடமாட்டாங்களா என்று நான் கும்பிட்ட நாளெல்லாம் இதைக் கேட்டபோது ஞாபகம் வந்தது.

ஆரம்பத்தில் அவர் தங்கியது ஒரு சத்திரத்தில். சத்திரக்காரரின் சின்ன மகளுக்குக் கண் நோய். டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஹெர்ன் கெஞ்சுவார், அவர் சரி சரி என்பார், காட்டவே மாட்டார். ஹெர்னுக்குக் கோபம் வந்து அந்தச் சத்திரத்தையே விட்டு வெளியேறினார். அந்தக் குழந்தையைத் தன் செலவிலேயே வைத்தியம் பார்த்துக் குணமாக்கினார். இன்னொரு நாள் பிள்ளைகள் சிலர் ஒரு பூனைக்குட்டியை ஏரியில் முக்கி விளையாடினார்கள். நனைந்த குட்டியை அவர் அப்படியே சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து வெதுவெதுப்பாக்கினார்.

மட்சுயே குளிரில் அவர் படுத்துவிட்டார். அப்போது வீட்டைக் கவனிக்க வந்தவர்தான் கொய்சுமி செத்சு. சாமுராய் குடும்பத்துப் பெண். சாமுராய் என்றால் வாள் வைத்திருந்த போர்வீரர் குலம், ஆட்சி மாறி மானியம் நின்றதும் அந்தக் குடும்பங்கள் நொடித்துப்போயின. செத்சு நன்றாகப் படித்தவர்தான், ஆனால் 11 வயதில் பள்ளியை நிறுத்தி தறியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, இவருக்கு ஜப்பான் மொழி சரியாக வராது. இரண்டு பேரும் உடைந்த ஜப்பான் மொழியில் பேசிப் பேசி, அவர்கள் வீட்டுக்கு மட்டும் தனிப் பாஷை ஒன்று உண்டானது. 1891இல் சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள்.

பேய்க்கதைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? செத்சுதான் சொன்னார். ராத்திரி விளக்கைக் குறைத்து வைத்துவிட்டுச் சொல்லுவாராம், இவர் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாராம். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன் சொந்த வார்த்தையில் சொல்லு என்பாராம். தறியில் உட்கார வைத்த பெண் சொன்ன கதையைத்தான் இப்போது நாம நடுங்கிக்கொண்டு கேட்கிறோம். புத்தகத்தில் அவர் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

அந்தக் குளிராலும், செத்சுவின் பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியதாலும், 1891 நவம்பரில் குமமோட்டோ என்ற ஊருக்கு 200 யென் சம்பளத்தில் மாறினார். ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோதான் அங்கே தலைமையாசிரியர்! மட்சுயே ஆசிரியர்கள் வழியனுப்பப் பெரிய ஜாடிகள் தந்தார்கள், மாணவர்கள் ஒரு வாள் தந்தார்கள். காலையில் படகுத்துறை வரைக்கும் கூடவே நடந்து வந்தார்கள். ஒன்றேகால் வருடம் பாடம் நடத்திய வாத்தியாருக்கு! புது ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை.

1896இல் ஜப்பான் குடிமகன் ஆனார், மனைவி பிள்ளைகளுக்குச் சட்டப்படி எல்லாம் சேரவேண்டும் என்பதற்காக. பெயர் கொய்சுமி யாகுமோ. அதே வருடம் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேலை. மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவர்கள் எழுதிய நோட்டுகளே பின்னால் புத்தகங்களாக வந்தன. ஆனால் 1903இல் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் எதிர்த்தும் பலனில்லை. அவர் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நத்சுமே சொசெகி. அவரும் பெரிய எழுத்தாளர், 1984இல் இருந்து பல வருடம் ஜப்பானின் 1000 யென் நோட்டில் அவர் முகம்தான் இருந்தது. அந்த வகுப்பில் நின்றபோது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டில் அவர் மேஜை ரொம்ப உயரம். தாள் கண்ணுக்குக் கிட்ட வரவேண்டும் என்று அப்படிச் செய்யச் சொன்னார். எழுதும்போது மூக்கு தாளில் முட்டும். புகைக்குழாய்க்கு நெருப்பு வேண்டுமென்றால் கூப்பிட மாட்டார், ஒரு சங்கை எடுத்து ஊதுவார், வீடே சிரிக்கும். (புகை பிடிப்பது தப்பு, சங்கு மட்டும் எனக்குப் பிடித்தது.) மூத்த மகன் கசுவோவுக்குத் தினமும் அவரே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். பழைய செய்தித்தாள் மேல் பிரஷ்ஷால் பெரிய பெரிய எழுத்தாக எழுதி, அதுதான் பாடப்புத்தகம். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. நானும் இந்த ஷீட்டைப் பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், பின்னால் நிற்கிறவர்களுக்கும் தெரியணும் என்று.

1904இல் பேய்க்கதைப் புத்தகம் 'க்வைதான்' வெளிவந்தது. அதே வருடம் செப்டம்பர் 26ஆம் தேதி ராத்திரி நெஞ்சுவலி வந்து இறந்தார். வயது 54. அதற்கு முன்பே செத்சுவிடம் சொல்லி வைத்திருந்தார்: நான் போனால் அழக் கூடாது, ஒரு சின்ன ஜாடி வாங்கி எலும்பைப் போட்டு ஆள் அரவம் இல்லாத கோவிலில் புதைத்துவிடு, அப்புறம் பிள்ளைகளோடு சீட்டு விளையாடு என்று. நாலு பிள்ளைகள், கடைசிப் பெண் குழந்தைக்கு ஒரு வயது. செத்சு அதற்குப் பிறகு 27 வருடத்துக்கு மேல் இருந்தார். சங்கு, பூனைக்குட்டி, சத்திரக்காரர் மகள் எல்லாம் நமக்குத் தெரிவது அவர் தன் நினைவுகளைச் சொல்லி வைத்ததால்தான்.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி