முடிவிலியை எண்ணிய ஜோர்ஜ் கான்ரர்

மூன்றிலொன்றைத் தசமமாக எழுதும் மாணவன் 0.333 என்று தொடங்கிச் சில புள்ளிகளை இட்டு நிறுத்துகின்றான். அப்புள்ளிகளுள் அடங்கிய முடிவிலி மெய்யான கணியமோ, வெறும் பேச்சோ? இவ்வினாவிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜோர்ஜ் கான்ரர்.

1845இல் ருசிய நாட்டுச் சென் பீற்றர்ஸ்பேர்க்கிற் பிறந்த இவர், இளமையிலேயே ஜேர்மனிக்குப் பெயர்ந்து, பேர்லினிற் கற்று, 1869இல் ஹாலே சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1872இல், பின்னங்களின் முடிவற்ற வரிசைகளைக் கொண்டு மெய்யெண்களை வரையறுத்தார். அவ்வாறு நோக்கின், 0.3, 0.33, 0.333 எனச் செல்லும் வரிசை குறிப்பது மூன்றிலொன்றையே; அதனின் அணுவளவு குறைந்த வேறொன்றையன்று.

பின்னங்கள் யாவற்றையும் முதலாவது, இரண்டாவது என நிரற்படுத்தலாம். மெய்யெண்களை அவ்வாறு நிரற்படுத்தல் இயலாது என 1874இல் நிறுவினார். 1891இல் அவர் கண்ட எளிய வழியைத் தசமங்களில் வைத்துக் கூறுவோம். எந்த நிரலைத் தரினும், முதலெண்ணின் முதலிலக்கத்தையும் இரண்டாமெண்ணின் இரண்டாமிலக்கத்தையும் இவ்வாறே மாற்றிச் சென்றால், நிரலில் இல்லாத தசமமொன்று தோன்றும். ஆகவே முடிவிலிகளுள்ளும் சிறிதும் பெரிதும் உண்டு. அரைப்பக்கத்தில் அடங்கும் இந்நிறுவலினும் அழகியதை யாம் கண்டிலேம்.

இவரை எதிர்த்தவர் பேர்லினில் இவருக்குக் கற்பித்த குரோனக்கரே. முடிவுள்ள படிகளால் ஆக்கப்படாத எதனையும் அவர் ஏற்றிலர். அவ்வையம் இகழத்தக்கதன்று, இன்றும் அதனைப் போற்றும் கணிதவறிஞர் உளர். எனினும் பேர்லினிற் பதவி பெறும் கான்ரரின் அவா நிறைவேறவில்லை. 1884இல் மனநோய் பற்றியது; பின்னரும் பன்முறை வருத்தியது. 1904இல் இலண்டன் றோயற் சங்கம் சில்வெஸ்ரர் பதக்கம் அளித்தது. 1918 ஜனவரி 6ஆம் நாள் ஹாலேயில் மருத்துவமனையொன்றில் மறைந்தார்.

முழுவெண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் இடையே வேறொரு முடிவிலி உண்டோ என்பதற்கு அவர் விடை காணவில்லை. வழக்கிலுள்ள வெளிப்படையுண்மைகளைக் கொண்டு அதனை நிறுவவோ மறுக்கவோ இயலாதென்பது, கோடல், கோகன் என்போரின் ஆய்வுகளால் 1963இல் தெளிவாயிற்று.