பியானோவுக்குள் போல்ட், ஸ்க்ரூ! இசையையே விட நினைத்த ஜான் கேஜை மாற்றிய இந்தியப் பெண் யார்?

பியானோ கம்பிகளுக்கு நடுவுல போல்ட், ஸ்க்ரூ, ரப்பர் துண்டு சொருகினால் என்ன ஆகும்? ஒரே பியானோ மேளமாகவும் மணியாகவும் ஒலிக்கும். அதைச் செய்து காட்டியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ்.

எப்படித் தொடங்கியது?

1912-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர் கேஜ். 1940-ல் சியாட்டிலில் ஒரு நடனத்துக்குத் தாள வாத்தியக் குழு தேவைப்பட்டது. மேடையிலோ பியானோவுக்கு மட்டும்தான் இடம். அந்தப் பியானோவையே தாளக் குழுவாக மாத்திட்டார்.

கைகொடுத்த இந்தியா

1940-களின் நடுவில் மணவாழ்க்கை முறிந்தது. சோகமாக எழுதிய இசையைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அப்புறம் இசை எதுக்கு என்று, இசையமைப்பதையே விட நினைத்தார்.

1946-ல் நியூயார்க் வந்தார் அகமதாபாத்தின் கீதா சாராபாய். கேஜிடம் மேற்கத்திய இசை படித்தார். பதிலுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். மனதை அமைதிப்படுத்தி, இறையருளுக்குத் தயாராக்குவதே இசையின் வேலை என அவர் சொன்னது கேஜைத் திருப்பிப் போட்டது. கூடவே, இலங்கைத் தமிழர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியின் நூல்களில் ரசக் கோட்பாட்டைப் படித்தார்.

விளைவு? 1948-ல் முடித்த 'சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்'. மொத்தம் 20 பகுதிகள். வாசிக்கும் முன் 45 சுரங்களின் கம்பிகளில் பொருட்களைச் சொருகணும்.

4 நிமிடம் 33 விநாடி

1952 ஆகஸ்ட் 29, நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக். டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்தார். ஒரு கட்டையைக்கூட அழுத்தவில்லை. காற்று, மழைத்துளி, ஆட்களின் முணுமுணுப்பு... அதுதான் கேஜின் இசை. சிலர் கோபமாக எழுந்து போனார்கள்.

வீட்டு ஜன்னலில் கேட்கும் வண்டிச் சத்தத்தையும் ரசித்த கேஜ், 1992-ல் நியூயார்க்கில் மறைந்தார். அவர் கணக்கில், நம்ம சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தமும் இசைதான்.