ஃபாரடே ஊகித்த மென்படலம்

அடையாறில் கடற்கரையை ஒட்டிய வீடுகளின் ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று சில ஆண்டுகளிலேயே அரித்துவிடுகிறது. அதே வீடுகளின் சமையலறையில் எவர்சில்வர் பாத்திரங்களோ புளிக்குழம்பைத் தாங்கியும் மங்காதிருக்கின்றன. இரண்டிலும் பெரும்பகுதி இரும்புதான். இந்த வேறுபாட்டுக்கு அடிப்படையான காரணத்தை 1836-ஆம் ஆண்டிலேயே ஊகித்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் என்ற அளவோடு நம் பாடநூல்கள் அவரை விட்டுவிடுவது ஒரு குறையே.

1791-இல் லண்டனை அடுத்த நியூவிங்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஃபாரடே, பள்ளிக் கல்வியை அதிகம் பெறாதவர். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியபோது, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் உதவியாளரானார்.

அங்கே அவரது ஆய்வு மேசைக்கு வந்து சேர்ந்தது தென்னிந்திய உருக்கு. சேலம் பகுதிக் கொல்லர்களும் களிமண் மூசைகளில் உருக்கி எடுத்த, ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றழைத்த உருக்குதான் அது. கத்திகள் செய்வதில் பெயர்பெற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து அதைப் பகுத்தாய்ந்த ஃபாரடே, அதன் உறுதிக்கு அலுமினியமே காரணம் என்று கருதினார். அது பிழை; மிகுதியான கார்பனே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால், அந்த முயற்சி வீண்போகவில்லை. உருக்குடன் பிளாட்டினம், ரோடியம், வெள்ளி எனப் பலவற்றைச் சேர்த்துப் பார்த்த இருவரும், 1822-இல் வெளியிட்ட ஆய்வில் குரோமியத்தையும் சேர்த்திருந்தனர். அளவு, ஏறத்தாழ 1 விழுக்காடும் 3 விழுக்காடும். மறு ஆண்டு ஸ்டோடார்ட் இறந்தார். ஃபாரடேயின் கவனம் மின்சாரத்தின் பக்கம் திரும்பியது.

1836-இல் பாசெல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன் எழுதிய கடிதம் அவரை மீண்டும் இரும்பிடம் இழுத்தது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொதித்துக் கரையும் இரும்பு, அடர் அமிலத்தில் அசையாமல் கிடக்கிறது. அப்படி அமைதியடைந்த இரும்பு, மின்னோட்டச் சோதனையில் பிளாட்டினத்தைப் போலவே நடந்துகொள்வதை ஃபாரடே கண்டார். அதன் மேற்பரப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு நிகரான நிலையில் ஆக்ஸிஜனுடன் பிணைந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். அந்தப் படலத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. காணவும் இயலாது, அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஓரிரு பங்குதான். பார்க்க முடியாததை நம்ப மறுத்தோர் பலர். விவாதம் அவர் காலத்துக்குப் பிறகும் நீண்டது.

குரோமியமும் கையில் இருந்தது; படலம் பற்றிய கருத்தும் மனத்தில் இருந்தது. இரண்டையும் அவர் இணைக்கவில்லை. 1867-இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் அவர் மறைந்தார். சுமார் 13 விழுக்காடு குரோமியத்துடன் துருவாத உருக்கை ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி வார்த்தது 1913-இல்தான்.

ஸ்வீடன் நாட்டின் காய் சீக்பான் வளர்த்தெடுத்து, 1981-இல் நோபல் பரிசு பெற்ற முறை பின்னர் இந்தப் படலத்தை அளக்க உதவியது. எக்ஸ் கதிர் பட்டவுடன் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் எலெக்ட்ரான்களின் ஆற்றலே எந்தத் தனிமம், எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். அமிலத்தில் இரும்பு முதலில் கரைய, படலத்தில் குரோமிய ஆக்ஸைடின் பங்கு கூடுவதை அவ்வாறுதான் அறிந்தனர்.

அடையாறிலிருந்து தெற்கே கல்பாக்கத்தில், அணு எரிபொருளை மறுசுத்திகரிக்க அதே நைட்ரிக் அமிலத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். கொதிநிலையில், செறிவு கூடும்போது குரோமியமே கரையத் தொடங்கிவிடும். அங்குள்ள அரிமான ஆய்வாளர்களின் கவலை, ஃபாரடே ஊகித்த அந்தப் படலம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதுதான்.