கொடைக்கானலில் இருந்த காஷ்மீரச் சிங்கம்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது ஹாஸ்டல் மெஸ்ஸின் சாம்பாரைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு என்னமோ 1966 டிசம்பரில் நாம் போன கொடைக்கானல் எக்ஸ்கர்ஷனிலேயே போய் நின்றது.

நம் செட் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதே பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியாகிவிட்டது. வெள்ளி அருவியில் முகம் கழுவிக்கொண்டு மேலே போனோம். ஏரியைச் சுற்றி வரும்போது டிரைவர் வண்டியை மெதுவாக்கி, தூரத்தில் ஒரு பங்களாவைக் காட்டினார். கோஹினூர் என்று பெயர். அங்கேதான் காஷ்மீர் ஷேக் அப்துல்லாவைக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்றார்.

அவ்வளவுதான், பஸ்ஸுக்குள் பட்டிமன்றம் ஆரம்பமாகிவிட்டது. பிரதமரை எதிர்த்தவன் நாட்டை எதிர்த்தவன்தானே, அவனுக்கு எதற்குப் பங்களா என்றான் ஒருத்தன். அவர் நேருவுக்கே நண்பராச்சே என்றான் இன்னொருத்தன். முன் சீட்டில் இருந்த நம் சரித்திர லெக்சரர் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். ராஜத்துரோகமும் தேசத்துரோகமும் ஒன்றுதானா என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பிற்பாடு ஷேக் அப்துல்லாவின் வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் பிறந்தது 1905 டிசம்பர் 5, ஸ்ரீநகரை அடுத்த சௌரா என்ற ஊரில். சால்வை வியாபாரக் குடும்பம். பிள்ளை பிறப்பதற்கு முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். கஷ்டப்பட்டுப் படித்து, 1930இல் அலிகார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் வாங்கினார். நம் கெமிஸ்ட்ரிக்காரர்கள் பெருமைப்படலாம், அவர் எடுத்த பாடம் ரசாயனம்! ஊருக்குத் திரும்பியவருக்குக் கிடைத்தது பள்ளிக்கூட வாத்தியார் வேலை. மகாராஜா ஹரிசிங் ஆட்சியில் பெரும்பான்மை முஸ்லிம் மக்களுக்குப் படிப்பும் உத்தியோகமும் எட்டாக்கனி. அதை எதிர்த்துப் பேசப் போய், வேலையையும் விட்டு 1931இல் சிறைக்கும் போனார். மக்கள் அவரை ஷேர்-ஏ-காஷ்மீர், அதாவது காஷ்மீரச் சிங்கம் என்றார்கள்.

1932இல் ஆரம்பித்த முஸ்லிம் மாநாட்டுக் கட்சியை 1939இல் எல்லா மதத்தாருக்கும் பொதுவான தேசிய மாநாட்டுக் கட்சியாக மாற்றினார். 1946இல் காஷ்மீரை விட்டு வெளியேறு என்று மகாராஜாவை எதிர்த்தே இயக்கம் நடத்தினார். நூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரனிடம் 75 லட்ச ரூபாய்க்கு வாங்கிய ராஜ்யம் செல்லாது என்பது அவர் வாதம். ராஜத்துரோகம் என்று மூன்று வருஷத் தண்டனை விதித்தார்கள். வழக்கில் உதவப் புறப்பட்ட நேருவையே கோஹாலா பாலத்தருகே கைது செய்தது மகாராஜாவின் சர்க்கார். நண்பனுக்காக அவ்வளவு தூரம் போன மனிதர் நேரு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1947 அக்டோபரில் பாகிஸ்தானிலிருந்து பழங்குடிப் படையினர் புகுந்தபோது மகாராஜா ஸ்ரீநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். ஊரில் நின்று மக்களைத் திரட்டியவர், ஒரு மாதம் முன்புவரை அதே மகாராஜாவின் சிறையில் இருந்த அப்துல்லாதான். காஷ்மீர் இந்தியாவோடு சேர்ந்ததை ஆதரித்தார். 1948இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இந்தியாவுக்காகப் பேசினார். அதே ஆண்டு காஷ்மீரின் பிரதமரானார். 1950இல் ஜமீன்களின் நிலத்துக்கு உச்சவரம்பு வைத்து, மிச்சத்தை உழுதவனுக்கே கொடுத்தார். நஷ்டஈடு கிடையாது.

இந்தக் கதையில் நம்மவர் பங்கும் உண்டு. 370ஆவது பிரிவை வகுத்ததில் முக்கியமானவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான என். கோபாலசாமி ஐயங்கார்.

பிறகு விரிசல் விழுந்தது. காஷ்மீருக்கு எவ்வளவு சுயாட்சி, அதற்கு மேலும் ஏதாவது உண்டா என்பதில் அப்துல்லாவின் பேச்சு 1952, 53இல் டில்லிக்குப் பிடிக்காத திசையில் போனது. 1953 ஆகஸ்டில் பதவியிலிருந்து நீக்கி, குல்மார்க்கில் வைத்துக் கைது செய்தார்கள். அப்போது இந்தியாவின் பிரதமர் யார்? கோஹாலா வரை போன அதே நேருதான். 1958இல் மூன்று மாத இடைவெளி தவிர ஏறக்குறைய பதினோரு வருஷம் உள்ளேயே இருந்தார். சதி வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வரவே இல்லை. 1964 ஏப்ரலில் அரசே வழக்கை வாபஸ் வாங்கியது.

வெளியே வந்த அப்துல்லா டில்லியில் நேருவின் வீட்டிலேயே போய்த் தங்கினார். சிறையில் போட்டவர் வீட்டு விருந்தாளி! மே மாதம் சென்னைக்கு வந்து ராஜாஜியைப் பார்த்தார். ராஜாஜியும் நேருவோடு பல பத்தாண்டு பழகியவர், 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி அவரை எதிர்த்தவர். ராஜாஜியை யாரும் தேசத்துரோகி என்று சொல்லிவிடவில்லை. பிறகு சமாதானப் பேச்சுக்காகப் பாகிஸ்தான் போன அப்துல்லா, மே 27ஆம் தேதி முசாபராபாத்தில் இருக்கும்போது நேரு இறந்த செய்தியைக் கேட்டு அழுதபடி திரும்பினார்.

அடுத்த வருஷம் ஹஜ் யாத்திரைக்கென்று புறப்பட்ட பயணத்தில் அல்ஜியர்ஸ் சென்று சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். சீன யுத்தம் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நாட்டில் கொந்தளிப்பு ஏற்பட்டதில் ஆச்சரியமில்லை. 1965 மே மாதம் டில்லியில் வந்து இறங்கியதும் கைது. முதலில் ஊட்டி, பிறகு நம் கொடைக்கானல். நகர எல்லையைத் தாண்டக் கூடாது, அனுமதியில்லாமல் யாரையும் சந்திக்கக் கூடாது. விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1966இல் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதி, அவரை விடுதலை செய்யச் சொன்னார். உடனே பலன் ஒன்றும் இல்லை. நாம் பஸ்ஸில் பட்டிமன்றம் நடத்தியது அந்தச் சமயத்தில்தான். 1968 ஜனவரியில்தான் முழு விடுதலை.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோபாலசாமி ஐயங்காரின் மகன் ஜி. பார்த்தசாரதி நடத்திய பேச்சுவார்த்தையால் உடன்பாடு ஏற்பட்டு, 1975 பிப்ரவரியில் அப்துல்லா முதலமைச்சரானார். 1977 தேர்தலில் 76 இடங்களில் 47ஐப் பிடித்தார். 1982 செப்டம்பர் 8இல் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஸ்ரீநகரே திரண்டது.

அவர் அப்பழுக்கற்றவர் என்று நான் எழுதினால் அது பொய். 1951 அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் 75 இடங்களும் அவர் கட்சிக்கே போயின. பெரும்பாலானவற்றில் போட்டியே இல்லை. தன்னை எதிர்ப்பது காஷ்மீரை எதிர்ப்பது என்று அவரும் நினைத்த காலம் உண்டு. விசாரணையில்லாமல் காவலில் இருந்த அதே மனிதரின் அரசுதான் 1978இல் விசாரணையில்லாமல் இரண்டு வருஷம் வரை அடைத்துவைக்கும் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 370ஆவது பிரிவின் சலுகைகள் நீக்கப்பட்ட 2019இல், அந்தச் சட்டத்தின் கீழேயே அவர் மகன் பாரூக் அப்துல்லாவையும், அடுத்த வருஷம் பேரன் உமர் அப்துல்லாவையும் காவலில் வைத்தார்கள். தலைவனையும் நாட்டையும் ஒன்றாக நினைக்கிற வியாதி ஆட்சியில் இருப்பவர் யாருக்கும் வரும்.

எனக்கும் ஒரு பங்கு உண்டு, இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எமர்ஜென்சியின்போது, 1976இல், நான் வேலை பார்த்த ஆபீசில் பிரதமரிடம் விசுவாசம் தெரிவித்து ஒரு தீர்மானம் சுற்றுக்கு வந்தது. ஜெயப்பிரகாஷையே முந்தின வருஷம் உள்ளே தள்ளிப் பார்த்துவிட்ட காலம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பேனாவை வாங்கி மடமடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பயம்தான். அன்று ராத்திரி சரித்திர லெக்சரரின் கேள்வி ஞாபகத்துக்கு வந்து தூக்கம் பிடிக்கவில்லை.

இப்போது விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் விசுவாசம் மன்னருக்கு. அதனால்தான் அந்தக் குற்றத்துக்கு ராஜத்துரோகம் என்று பேர். வ.உ.சி. செக்கிழுத்ததும் அதற்காகத்தான். குடியரசில் ராஜா இல்லை. நம் எம்.பி.க்கள் எடுக்கும் உறுதிமொழியில் அரசியல் சட்டத்துக்கு விசுவாசம் உண்டு, நாட்டின் ஒருமைப்பாடு உண்டு. எந்தப் பிரதமர் பெயரும் கிடையாது. அந்த ஒருமைப்பாட்டு வாசகம் 1963இல் சேர்ந்தது. அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதும் அந்த வருஷம்தான். அதற்குப் பிறகும் அவர் பிரதமர்களை எதிர்த்துக்கொண்டேதான் இருந்தார், மக்கள் அவரை முதலமைச்சர் ஆக்கினார்கள்.

அப்படியானால் அப்துல்லா செய்ததெல்லாம் சரியா? சீனப் பிரதமரைச் சந்தித்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். நாட்டுக்குக் கேடு செய்தார் என்றால் கோர்ட்டில் நிறுத்தி நிரூபித்திருக்க வேண்டும். நிரூபிக்காமல் ஏரிக்கரையில் உட்கார்த்தி வைத்தது நம் நாட்டுக்குப் பெருமை சேர்க்கவில்லை.

இந்த மலரைப் படிக்கிற தம்பி தங்கைகளே, தலைவர்களை மதியுங்கள், பிடித்தால் ஓட்டும் போடுங்கள். ஆனால் விசுவாசப் பத்திரம் என்று ஒன்று உங்கள் மேஜைக்கு வந்தால், பேனாவைத் திறப்பதற்கு முன் அதில் நாட்டின் பேர் இருக்கிறதா, ஒரு ஆளின் பேர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் பார்க்கத் தவறியவன்.

அடுத்த சந்திப்பைக் கொடைக்கானலில் வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. வைத்தால் வருகிறேன். ஏரியைச் சுற்றும்போது பழைய பட்டிமன்றத்தை முடித்துவிடலாம்.